யாரும் கேட்காத புத்தகம் யாருக்காக? ஆராய்ச்சி நூலகங்களும் புதிய கண்டுபிடிப்புகளும்

கல்லூரி வாசலிலும் தாலுகா ஆபீஸ் எதிரிலும் பத்திரப் பதிவு அலுவலகத்துப் பக்கத்திலும் ஒரு ஜெராக்ஸ் கடை இல்லாமல் இருக்காது. அங்கே ஓடும் இயந்திரத்துக்கு அடிப்படையான யோசனை, நியூயார்க் பொது நூலகத்தில் பழைய ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கிடைத்தது. அவரிடம் அப்போது ஆய்வகம் கிடையாது, பல்கலைக்கழகப் பதவி கிடையாது, கையில் காசும் கிடையாது.

அவர் பெயர் செஸ்டர் கார்ல்சன். 1930இல் கால்டெக் என்ற கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இயற்பியல் பட்டம் வாங்கினார். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். பெல் ஆய்வகத்தில் கிடைத்த வேலையும் 1933இல் போய்விட்டது. கடைசியில் பி. ஆர். மல்லோரி என்ற மின்சாதன நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார். காப்புரிமை வேலை என்றால் நகலுக்கு மேல் நகல் வேண்டும். படங்களைப் போட்டோ எடுக்க வெளியே அனுப்ப வேண்டும், உரையைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு இரவில் சட்டக் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார். சட்டப் புத்தகம் வாங்க வசதியில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியெடுத்தார். நகலெடுக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கைவலியில் பிறந்தது.

அவர் தேடிய விதம் கவனிக்க வேண்டியது. போட்டோ எடுக்கும் வேதியியலில் கோடக் போன்ற பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே எல்லா மூலைகளிலும் தேடியிருக்கும் என்று கணக்குப் போட்டார். அதனால் அந்தப் பக்கமே போகாமல், ஒளி பட்டால் மின்கடத்தும் தன்மை மாறும் பொருட்களைப் பற்றிய பழைய கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினார். அங்கே புடாபெஸ்டைச் சேர்ந்த பால் செலேனி என்ற இயற்பியலாளரின் வேலை கண்ணில் பட்டது. மின்கடத்தாப் பரப்பின் மேல் மின்னூட்டத்தால் ஒரு உருவத்தை வரைந்து, நுண்ணிய பொடியைத் தூவி அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கலாம் என்று செலேனி காட்டியிருந்தார். அவர் நகல் இயந்திரம் செய்ய நினைக்கவில்லை. பொடியையும் மின்னூட்டத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, ஒளியை அதோடு சேர்த்தது கார்ல்சனின் வேலை.

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், வாடகைக்கு எடுத்த அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயோடு சோதனை நடந்தது. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். தேதியையும் இடத்தின் பெயரையும் மையால் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து விளக்கொளியைக் காட்டினார்கள். பிறகு பொடியைத் தூவி ஊதியபோது, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டு நின்றது. மெழுகுத் தாளை வைத்து அழுத்தி அதை அப்படியே எடுத்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸ் நகல் அதுதான்.

அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆர்வம் காட்டாமல் திருப்பி அனுப்பின. ஐபிஎம், ஜெனரல் எலக்ட்ரிக் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. 1944இல் பேட்டெல் என்ற ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு ராச்செஸ்டர் நகரத்து ஹாலாய்டு கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் ஜான் டெசாவர், கட்டுரைச் சுருக்கங்களை மட்டும் வெளியிடும் ஒரு இதழைப் படித்துக்கொண்டிருந்தபோது, கார்ல்சனின் முறையைப் பற்றிய சில வரிகளைக் கண்டார். அந்தச் சில வரிகளிலிருந்து ஒப்பந்தம் வந்தது, 1959இல் 914 என்ற இயந்திரம் வந்தது, ஹாலாய்டு கம்பெனியே ஜெராக்ஸ் கார்ப்பரேஷன் ஆனது. கருத்து கிடைத்ததும் படித்த காகிதத்தில், முதலீடு கிடைத்ததும் படித்த காகிதத்தில்.

கார்ல்சன் படித்த அதே நியூயார்க் நூலகத்தில், அவருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு இன்னொரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஹார்வர்டில் முதலாண்டுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நியூயார்க் வந்த எட்வின் லேண்ட். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் தளவிளைவுத் தகடு ஒன்றைக் குறைந்த செலவில் செய்ய வேண்டும் என்பது அவர் குறி. 1852இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் வில்லியம் ஹெராபத் எழுதிய குறிப்பை அவர் கண்டுபிடித்தார். கொய்னா மருந்து கொடுத்த நாயின் சிறுநீரில் அயோடின் விழுந்தபோது உண்டான சின்னச் சின்னப் படிகங்கள், ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடத்தில் ஒளியை மறைத்தன என்பது செய்தி. ஹெராபத்துக்குப் பின் வந்தவர்கள் அந்தப் படிகத்தைப் பெரிதாக வளர்க்கப் படாதபாடு பட்டார்கள். லேண்ட் தலைகீழாக யோசித்தார். பெரிதாக்குவானேன், கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரு படலத்துக்குள் ஒரே திசையில் அடுக்கிவிட்டால் போதாதா? போலராய்டு நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. இன்று நம் கையிலிருக்கும் எல்சிடி திரைகளில் இருக்கும் தளவிளைவுப் படலத்துக்கும் மூலம் லேண்டின் வேலைதான்.

இரண்டு கதைகளிலும் ஒரே அமைப்பு இருக்கிறது. தேடியவர் அந்தத் துறையின் உள்வட்டத்தில் இல்லை. கிடைத்த கட்டுரை, அவர் தேடிய நோக்கத்துக்காக எழுதப்படவில்லை. அது அச்சாகிப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கேட்காமல் கிடந்தது. நியூயார்க்கில் நாய்ச் சிறுநீர்ப் படிகத்தைப் பற்றிய 1852ஆம் ஆண்டு இதழை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் அது இருந்தது, பட்டியலில் இருந்தது, கல்லூரியை விட்டு வெளியேறிய பையன் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. புதுமைக்கு ஆராய்ச்சி நூலகம் செய்யும் உதவி இந்த மூன்றும்தான்: வைத்திருப்பது, தேடிக் கிடைக்கும்படி செய்வது, யார் கேட்டாலும் கொடுப்பது. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மற்ற இரண்டும் வீண். இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

ஒரு ராணுவ மருத்துவரின் கோபம்

கார்ல்சனும் லேண்டும் படித்த அந்தக் கட்டிடத்துக்குத் தோராயமான திட்டத்தை வரைந்து கொடுத்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ், நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநர். மேலே பெரிய வாசிப்புக் கூடம், அதற்கு நேர் கீழே அடுக்கடுக்காகப் புத்தகத் தளங்கள், வாசகர் எழுதிக் கொடுத்த சீட்டு காற்றுக் குழாய் வழியாகக் கீழே போகும், புத்தகம் மேலே வரும். 1911இல் கட்டிடம் திறந்தபோது முதலில் கேட்டு வாங்கப்பட்டது ஒரு ரஷ்ய மொழிப் புத்தகம். சில நிமிடங்களில் அது மேசைக்கு வந்துவிட்டது.

பில்லிங்ஸ் அடிப்படையில் அறுவை மருத்துவர். 1860இல் ஓஹையோ மருத்துவக் கல்லூரியில் பட்டத்துக்காக, வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்வது பற்றி ஆய்வேடு எழுதினார். எத்தனை பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் தேட, நூலகம் நூலகமாக அலைந்து மாதக்கணக்கில் புத்தகங்களைக் குடைய வேண்டியிருந்தது. தகவல் எங்கோ அச்சாகி இருக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்ல யாருமில்லை. அந்த எரிச்சல் அவரை விடவே இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் சிறிய நூலகம் அவர் பொறுப்புக்கு வந்தது. போர்க்கால மருத்துவமனைகளில் மிஞ்சிய பணம் நூலகத்துக்குக் கிடைத்தது. வாஷிங்டனில், லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கத்தின் கட்டிடத்தில்தான் நூலகம் இயங்கியது. உலகெங்கும் எழுதிக் கேட்டு, பண்டமாற்றாகவும் விலைக்கும் மருத்துவ இதழ்களைச் சேர்த்தார். அவர் பொறுப்பை விட்டபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான நூல்கள் இருந்தன.

சேர்த்ததோடு விட்டிருந்தால் அவரை இன்று யாரும் நினைக்க மாட்டார்கள். இதழ்களுக்குள் இருந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் அட்டை எழுத வைத்தார். புத்தகத்துக்கு அட்டை எழுதுவது எல்லா நூலகத்திலும் நடப்பது, கட்டுரைக்கு எழுதுவது வேறு விஷயம். வந்து குவியும் இதழ்களில் எந்தக் கட்டுரை எந்த நோயைப் பற்றியது என்று பிரித்துக் குறிக்க வேண்டும், அதுவும் பல மொழிகளில். 1879இல் புதிய மருத்துவக் கட்டுரைகளின் மாதாந்திரப் பட்டியலான இன்டெக்ஸ் மெடிகஸ் தொடங்கியது. 1880இலிருந்து நூலகத்தின் முழுப் பொருட்பட்டியல் தொகுதி தொகுதியாக அச்சில் வந்தது. எந்த ஊர் மருத்துவரும் இனி ஒரு நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு, உலகில் அதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம். அந்தப் பட்டியல்தான் 1964இல் மெட்லார்ஸ் என்ற பெயரில் கணினிக்குப் போனது, 1971இல் மெட்லைன் ஆனது, 1997இல் பப்மெட் என்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. இன்று மருத்துவ மாணவர் கைபேசியில் தட்டித் தேடுவது பில்லிங்ஸின் அட்டைப் பெட்டியின் வாரிசு.

பட்டியல் போடும் வேலை பெற்ற பிள்ளைகள்

பட்டியல் போடுவது ஏதோ எழுத்தர் வேலை என்ற நினைப்பு நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது எவ்வளவு தவறு என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களைப் பில்லிங்ஸ் கவனித்தார். அதே அலுவலகத்தில் ஹெர்மன் ஹாலரித் என்ற இளம் பொறியாளர் இருந்தார். லட்சக்கணக்கான தாள்களை ஆட்கள் கையால் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்த பில்லிங்ஸ், இந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் விருந்தின்போது அவரிடம் சொன்னார். தனக்கு யோசனை அங்கே கிடைத்ததாக ஹாலரித்தே பின்னால் எழுதியிருக்கிறார். துளையிட்ட அட்டைகளைப் படித்து எண்ணும் அவருடைய இயந்திரம் 1890 கணக்கெடுப்பில் ஓடியது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு 1911இல் சேர்ந்தது, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் பல தகவல், எப்படி வேண்டுமானாலும் பிரித்து அடுக்கலாம் என்ற சிந்தனை, நாள் முழுக்க அட்டைகளுக்கு நடுவில் வாழ்ந்த ஒருவரின் வாயிலிருந்து வந்ததில் வியப்பில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது, நாம் தினமும் தொடும் ஒன்று. பில்லிங்ஸ் வளர்த்த நூலகம் 1950 வாக்கில் ராணுவ மருத்துவ நூலகம் என்ற பெயரில் இருந்தது. பெருகிவரும் கட்டுரைகளை இயந்திரத்தால் பட்டியலிட முடியுமா என்று பார்க்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் நூலகத்தில் ஒரு திட்டத்துக்கு அது பணம் கொடுத்தது. 1951இல் அந்தத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. தலைப்பைக் கொண்டு கட்டுரைகளைப் பிரிப்பதைவிட, எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்ற தொடர்பைப் பிடித்தால் என்ன என்று அவர் யோசித்தார். அமெரிக்க வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளைத் தேடுவதற்கு அப்படி ஒரு அட்டவணையை நெடுங்காலமாக வைத்திருந்ததும் அவருக்கு வழிகாட்டியது. 1964இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது.

ஸ்டான்ஃபோர்டில் 1990களின் நடுவில் லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது வேலை செய்தது டிஜிட்டல் நூலகத் திட்டம் ஒன்றில். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்கு நிதி கொடுத்தது. பல பேர் மேற்கோள் காட்டும் கட்டுரை முக்கியமானது என்றால், பல பக்கங்கள் இணைப்புக் கொடுக்கும் இணையப் பக்கமும் முக்கியமானதுதானே என்ற சிந்தனையில், பக்கங்களை வரிசைப்படுத்தும் பேஜ்ராங்க் முறை பிறந்தது, அதன் மேல் கூகுள் நின்றது. ‘கூகுள் இருக்கும்போது நூலகம் எதற்கு’ என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு அலமாரிகளுக்கு நடுவில்

1986இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பேராசிரியர் டான் ஸ்வான்சன் ஒரு விசித்திரமான வேலை செய்தார். நோயாளி யாரையும் பார்க்காமல், சோதனைக் குழாய் எதையும் தொடாமல், வெளிவந்த கட்டுரைகளைப் படித்தே ஒரு மருத்துவக் கருத்தை முன்வைத்தார்.

ரேனோ நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்தம் போவது தடைபட்டு வெளுத்து நீலம் பாரித்துவிடும். இந்த நோயாளிகளில் பலருக்கு ரத்தம் சற்றுக் கெட்டியாக இருக்கும், தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும், ரத்தக்குழாய் சுருங்கும் என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் சொல்லின. மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கும், தட்டணு ஒட்டுவதைத் தடுக்கும், குழாயைத் தளர்த்தும் என்று இன்னொரு தொகுதி சொன்னது. முதல் தொகுதியை எழுதியவர்களும் இரண்டாம் தொகுதியை எழுதியவர்களும் ஒருவரை ஒருவர் படித்ததாகத் தெரியவில்லை, மேற்கோள் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஸ்வான்சன் இரண்டையும் ஒரு மேசையில் வைத்தார்: அப்படியானால் மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவ வேண்டுமே? 1989இல் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவர்கள், வேறு நோய் எதுவும் பின்னணியில் இல்லாத ரேனோ நோயாளிகளுக்கு அது பலன் தருவதைக் கண்டார்கள். 1988இல் இதே முறையில் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியக் குறைவுக்கும் உள்ள தொடர்பை அவர் காட்டினார். அதற்கும் பிறகு ஆதாரங்கள் வந்தன.

பதில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, இரண்டு பாதியாக, இரண்டு இடத்தில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்து, இரண்டையும் திறந்து பார்க்க ஒருவருக்கு உரிமையும் நேரமும் இருந்தால் போதும். ஆராய்ச்சி நூலகம் ஒரே துறையின் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது என்று நூலகர்கள் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். இன்று மருந்து நிறுவனங்கள் கணினியை வைத்து லட்சக்கணக்கான கட்டுரைகளுக்கு நடுவே இப்படித் தொடர்பு தேடுகின்றன. அந்த முறையைத் தொடங்கி வைத்தவர் ஒரு நூலகவியல் பேராசிரியர்.

தேடாமல் விட்டதன் விலை

1889இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கட்டிட அமைப்பைத் திட்டமிட்டதும் பில்லிங்ஸ்தான். 2001இல் அதே ஹாப்கின்ஸில், நுரையீரலின் மூச்சுக்குழாய் எப்படித் திறந்தே இருக்கிறது என்று அறிய ஒரு ஆய்வு நடந்தது. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை நல்ல உடல்நிலையில் இருந்த தன்னார்வலர்களுக்கு மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார்.

ஆய்வாளர்கள் முன்பே கட்டுரைகளைத் தேடியிருந்தார்கள். ஆனால் பப்மெட்டில் அப்போது 1966க்குப் பிந்தைய கட்டுரைகளைத்தான் தேட முடிந்தது. இதே மருந்தை ரத்தக் கொதிப்புக்குப் பயன்படுத்திய 1950களில், அது நுரையீரலைப் பாதித்ததாக வெளிவந்த கட்டுரைகள் அதில் வரவில்லை. அவை தொலைந்துபோகவும் இல்லை. அச்சிட்ட மருத்துவப் பட்டியல்களில் ஏறி, நூலக அலமாரியில் இருந்தன. அமெரிக்க அரசு அந்த ஜூலையில், மனிதர்களை வைத்து அங்கே அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சிகளை ஏறக்குறைய மொத்தமாகச் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. பின்னர், பில்லிங்ஸ் வளர்த்த நூலகத்தின் இன்றைய வடிவமான தேசிய மருத்துவ நூலகம் 1940களின் நடுப்பகுதி வரையிலான பழைய பதிவுகளையும் கணினியில் ஏற்றியது. கணினித் திரையில் வராதது உலகிலேயே இல்லை என்று நம்பும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது, ஆகவே இந்தச் சம்பவத்தை ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்.

லைபீரியாவில் நடந்தது வேறு விதம். 2014இல் எபோலா பரவியபோது, அந்த நோய் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புதியது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அங்கே எடுத்த ரத்த மாதிரிகளை வைத்து, எபோலா இருக்கும் பகுதிகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982இலேயே ஒரு இதழில் எழுதியிருந்தார்கள். 2015இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டானும் உடன் எழுதியவர்களும் இதைப் பொதுவெளியில் சொன்னார்கள். அந்தக் கட்டுரைகளில் ஒன்றை இணையத்திலிருந்து பதிவிறக்க 45 டாலர், அங்கே ஒரு மருத்துவரின் அரை வாரச் சம்பளம். அவர்கள் நாட்டு மக்களின் ரத்தத்தைப் பற்றிய கட்டுரை அவர்கள் கைக்கே வரவில்லை. வைத்திருந்தார்கள், பட்டியலும் இருந்தது, கொடுக்கத்தான் வழியில்லை.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது மஞ்சள் வழக்கு. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில். அடிபட்ட குழந்தைக்கு மஞ்சள் வைக்காத வீடு நம் நாட்டில் உண்டா என்று கேட்கலாம். ஆனால் வேறு நாட்டு மக்களின் வழக்கம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் சான்றாகாது, அச்சில் வந்திருக்க வேண்டும். இந்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் 32 ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தது. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களோடு இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த ஒரு கட்டுரையும் அதில் இருந்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. கோடிக்கணக்கான பாட்டிமார் அறிந்ததை நிரூபிக்க, யாரோ ஒரு நூலகர் பைண்டு செய்து பத்திரப்படுத்திய பழைய இதழ் தேவைப்பட்டது.

அந்த அனுபவத்திலிருந்து 2001இல் மரபறிவு டிஜிட்டல் நூலகம் தொடங்கியது. ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களில் உள்ள மருந்து முறைகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் அதில் ஏற்றப்பட்டன. காப்புரிமை அதிகாரி மேசையிலிருந்தே பார்க்கலாம். எது உண்மையிலேயே புதிது என்று சொல்ல, பழையது முழுக்கக் கையில் இருந்தாக வேண்டும் அல்லவா?

சந்தாவும் சொத்தும்

சரி, இவ்வளவு பயன் இருந்தும் செலவைக் குறைக்க நினைக்கும்போது நூலகம் ஏன் முதலில் நினைவுக்கு வருகிறது? கணக்குப் போடும் முறையில் கோளாறு இருக்கிறது. இந்த மாதம் எத்தனை புத்தகம் இரவல் போனது, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தார்கள், எத்தனை கட்டுரை இறக்கப்பட்டது என்று எண்ணுகிறோம். ஹெராபத்தின் குறிப்பு அந்த எண்ணிக்கையில் பல பத்தாண்டுகள் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும். முக்கால் நூற்றாண்டு கழித்து ஒருவர் கேட்பார் என்று எந்த ஆண்டறிக்கையிலும் எழுத முடியாது.

விலையும் சேர்ந்துகொண்டது. பணக்காரப் பல்கலைக்கழகம் என்று பெயரெடுத்த ஹார்வர்டே 2012இல், ஆய்விதழ்ப் பதிப்பாளர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 37.5 லட்சம் டாலர் போகிறது, இது தாங்காது என்று தன் ஆசிரியர்களுக்கு எழுதியது. இந்தியாவில் ஒரு காலத்தில், 1952இல் டெல்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் நிறுவனத்துக்குத் தபால் எழுதினால், வேண்டிய கட்டுரையின் நகல் வீட்டுக்கு வரும். இன்று அந்த இடத்தில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த இத்திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஐஐடியில் இருப்பவருக்கும் சிறு ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் இருப்பவருக்கும் ஒரே வாசல். மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் பெரும் பகுதியினர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில், அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். கல்லூரியே இல்லாமல் ஒரு சிறு பட்டறையில் எதையோ முயன்று பார்க்கும் ஆளும் வெளியேதான். நியூயார்க் நூலகம் கார்ல்சனிடம் எந்தக் கல்லூரி அடையாள அட்டை என்று கேட்கவில்லை. மாவட்ட மைய நூலகங்களிலும் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் யார் வந்தாலும் இந்த இதழ்களைத் திறந்து படிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

இன்னொரு சிக்கல், சந்தா என்பது வாடகை. ஒப்பந்தம் முடிந்தபின் சந்தா கட்டிய ஆண்டுகளின் இதழ்களாவது நம்மிடம் தங்குமா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அச்சு இதழ் வாங்கிய காலத்தில் இந்தக் கவலை இல்லை, வாங்கியது அலமாரியில் இருந்தது. இப்போது இணையத்தில்தான் கிடைக்கிறதே என்று அந்தப் பழைய தொகுதிகளை எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு கல்லூரிகளில் எழுகிறது.

இடப் பற்றாக்குறை உண்மையான பிரச்சினை, அதை மறுக்கவில்லை. பிரிட்டனில் 2007இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பல்கலைக்கழகங்களும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து, ஒவ்வொரு பழைய இதழுக்கும் நாட்டில் குறைந்தது மூன்று பிரதிகள் இருப்பதை உறுதி செய்துகொண்டு, மிச்சத்தை மட்டும் கழித்தார்கள். இங்கே 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். அவர் வளர்த்த சென்னைப் பல்கலைக்கழக நூலகம், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, எழும்பூரில் கன்னிமாரா எல்லாம் ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் இருக்கின்றன. யாரிடம் எந்த இதழின் எந்த ஆண்டுத் தொகுதி இருக்கிறது என்று முதலில் ஒரே பட்டியல் போடலாம். கடைசிப் பிரதி என்று தெரிந்த எதையும் யாரும் கழிக்கக் கூடாது என்று அவர்களுக்குள் எழுத்தில் ஒரு உடன்பாடு செய்துகொள்ளலாம். 2027க்குள் இதற்கு ஆகும் செலவு, சந்தாவுக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதாகத்தான் இருக்கும்.